மார்ச்சுக்குள் கூரையைப் பாருங்கள்

பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பட்டறை, கிடங்கு என்று எங்கு பார்த்தாலும் தகர ஷீட் கூரைதான். ஏப்ரல், மே மாதங்களில் இடியும் காற்றுமாகக் கோடை மழை வரும். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை அதிகம். ஒழுக ஆரம்பித்த பிறகு ஆள் தேடிப் பயனில்லை. நனைந்த ஷீட் வழுக்கும், அதில் ஏறவே கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே அது பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கமாகவே சரிந்து வந்து, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் தட்டிய இடத்தில்தான் சொட்டும். எனவே சரிவின் மேல்பக்கம் தேடுங்கள். பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் துளைகளில் வெளிச்சம் தெரியும். தெரியாவிட்டால், ஒருவர் நனைந்த ஷீட்டில் கால் வைக்காமல் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கிக் குழாய்த் தண்ணீர் விட்டுக்கொண்டே போக, இன்னொருவர் உள்ளே நின்று அடையாளம் வைக்க வேண்டும்.

பழைய கூரைகளில் பெரும்பாலும் ஸ்க்ரூ வழியாகத்தான் ஒழுகும். 6 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படி இழுபட்டு ஸ்க்ரூ தளரும், துளை அகலும், ரப்பர் வாஷர் வெடிக்கும். அந்த ஸ்க்ரூவையே திரும்ப முடுக்காதீர்கள். கழற்றிவிட்டு, 5.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 6.3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவைப் புது வாஷருடன் போடுங்கள். வாஷரின் ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் ரப்பர் நசுங்கி அடுத்த வெயிலிலேயே கிழியும்.

துருப்பிடித்த சின்னத் துளை என்றால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்து, ஜிங்க் பிரைமர் அடித்து, காய்ந்ததும் பியூட்டைல் டேப் ஒட்டுங்கள். பெரிய ஓட்டைக்கு அதே வடிவ ஷீட்டில் துண்டு வெட்டி, அதன் மேல் விளிம்பை மேல் ஷீட்டுக்கு அடியில் குறைந்தது 150 மில்லிமீட்டர் செருகுங்கள். சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் ரகம் துத்தநாகப் பூச்சை அரிக்கும். கூரை மேலேயே கிரைண்டரால் வெட்டினால் தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் துருப்புள்ளியாகும். வெட்டும் வேலையைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீர் ஷீட்டில் விழக்கூடாது; அங்கே பூச்சு சீக்கிரம் போய்விடும். ஓரக் கட்டரில் சேரும் இலை, மண்ணை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அள்ளிவிடுங்கள். துரு பர்லினுக்கே இறங்கியிருந்தால் ஒட்டுவேலை வீண்.

கூரை ஏறுபவர் பர்லின் மேல், அதாவது ஸ்க்ரூ வரிசையில்தான் கால் வைக்க வேண்டும். வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை மிதித்தால் உடைந்து உள்ளே விழுவார். முதலாளிகளே, பாதுகாப்புப் பெல்ட்டும் கயிறும் கொடுக்காமல் யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.