ஐப்பசி மழையும் டெங்கு ஜுரமும்: திண்டுக்கல் வாசிகள் இப்போது செய்ய வேண்டியவை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடப்பதால், ஆனி ஆடியில் காற்றையே அதிகம் கண்டு, வருஷத்து மழையின் பெரும் பங்கை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெறுகின்ற நம் திண்டுக்கல் சமவெளியில், இம்மாதங்கள் பயிருக்கு எவ்வளவு அனுகூலமோ, டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அவ்வளவு அனுகூலமானவை. ஆனால் பழியை மழையின்மீது மாத்திரம் சுமத்துவது நியாயமாகாது. குழாயில் தண்ணீர் தினந்தோறும் வராத தெருவில், வந்த அன்றைக்கே தொட்டியிலும் டிரம்மிலும் நிரப்பி வைத்துக்கொள்ளும் குடும்பத் தலைவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும், சாக்கடையை நாடாமல் தெளிந்த நீரையே நாடும் இக்கொசு முட்டையிடுவது அந்தத் தொட்டியில்தான் என்பதை அவர் அறிந்திருப்பது மிக அவசியம்.

அம்முட்டைகளோ நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் பற்றிக்கொண்டு, தொட்டி மாதக்கணக்கில் வறண்டு கிடந்தாலும் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிந்துவிடும் சுபாவமுடையவை. ஆகையால் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பதால் மட்டும் பிரயோஜனமில்லை. வாரம் ஒரு முறை உட்சுவரை நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, நிரப்பியவுடன் இடைவெளியின்றி மூடிவிட வேண்டும். கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி ஆகியவற்றிலும் நீர் தேங்க விடாதீர்கள். தொட்டியில் மருந்து ஊற்ற வரும் மாநகராட்சிப் பணியாளரை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். இக்கொசு பகலில் கடிப்பது. பகலில் உறங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும்.

ஜுரம் கண்டால், மருந்துக் கடையில் ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு மில் வேலைக்கோ பூ மார்க்கெட்டுக்கோ போய்விடுவது நம்மவர் வழக்கம். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகளின் கஷ்டம் அது. ஆனால் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் டெங்குவில் இரத்தக் கசிவை அதிகமாக்கக் கூடியவை. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளப்பட்டியருகே காந்திகிராமத்தை நிறுவி, ஆரோக்கிய சேவையைக் கிராமத்தாரின் வாசலுக்கே கொண்டுசெல்லப் பாடுபட்ட பிரதேசம் இது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெரிய மருத்துவமனையும் இருக்கையில், கட்டணமின்றிக் கிடைக்கும் இரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டுக் கடை ஊசியை நம்புவானேன்? இரண்டாம் நாளும் ஜுரம் தணியாவிட்டால் அங்கே சென்றுவிடுங்கள். நிலவேம்புக் குடிநீர் அருந்துவோர் அருந்தலாம். வைத்தியரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கி, உடம்பு குளிர்ந்து, வீட்டார் நிம்மதியடையும் சமயமே டெங்குவில் மிகுந்த ஆபத்தான சமயம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரிவது பெரும்பாலும் அப்போதுதான். ஜுரம் விட்ட பிறகும் இரண்டு நாள் நோயாளியை வேலைக்கோ பள்ளிக்கோ அனுப்பாமல், கஞ்சியும் இளநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அடிக்கடி கொடுத்துக் கவனித்து வாருங்கள். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.