கடற்கரை மக்களும் பத்திராதிபர் பதவியும்

சிறுபான்மையோரும் ஒடுக்கப்பட்டோரும் செய்தித்தொழிலிற் புகுதல் ஒன்று. அத்தொழிலில் தலைமை எய்துதல் மற்றொன்று. நிருபர் கண்டதை எழுதி அனுப்புவர். அதனை முதற்பக்கத்தில் இடுவதும், மூலையில் ஒதுக்குவதும், அறவே நீக்குவதும் பத்திராதிபர் கையில் உள்ளன. யாம் ஈண்டு ஆராயப் புகுவது அத்தலைமையைப் பற்றியே.

அமெரிக்க நாட்டு இனக்கலகங்களின் காரணத்தை ஆராய்ந்த கெர்னர் குழுவினர், கறுப்பின மக்களைத் தேடிச் சேர்த்துப் பயிற்றி உயர்த்துவதில் பத்திரிகையுலகம் மிகப் பின்தங்கியதென 1968-இல் கடிந்துரைத்தனர். அக்குறை தீர்க்க முயன்றாருள் ராபர்ட் மேனார்டு சிறந்தவர். அவர் துணைவியார் முதலியோருடன் 1977-இல் பயிற்சி நிலையமொன்றை நிறுவினார். 1983-இல் 'ஓக்லண்ட் டிரிபியூன்' நாளிதழையே விலைக்கு வாங்கினார்.

நம் நாட்டு நிலை யாது? ஆக்ஸ்பாம், நியூஸ்லாண்டரி என்னும் அமைப்புகள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, செய்தி நிறுவனங்களின் தலைமைப் பதவிகள் 121-ஐ எண்ணிற்று. அவற்றுள் 106 மேற்சாதியார் வசம் இருந்தன. பட்டியல் சாதியாரும் பழங்குடியினரும் ஒருவரேனும் இலர். தமிழராகிய எமக்கு இது பெரிதும் நாணந்தருவது. 1893-இலேயே இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழையும், 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் சென்னையில் தொடங்கி நடத்தினரன்றோ? அவர்களைத் தலைமைக்குப் பழக்கிய கல்லூரி யாதுமில்லை. இதழ் தம்முடையதாயிருந்தமையே பழக்கிற்று.

இனி இராமநாதபுரக் கரைக்கு வருவோம். இங்குப் பரதவக் கிறிஸ்தவரும் மரக்காயரும் பிற கடலோடிகளும் வாழ்கின்றனர். இராமேசுவரச் செய்தியென நாளிதழ்களில் யாம் பெரும்பாலும் காண்பன படகுகள் சிறைபிடிக்கப்பட்டமையும் கோயில் திருவிழாவுமே. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்டிரின் செய்தி அருகியே வரும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தாயார் அச்சமின்றிச் சென்ற தீவுக்கு மகள் செல்வது குற்றமாயிற்று. இதனைத் தலைப்புச் செய்தியாக்கத்தக்கவர் எவர்?

பாம்பனில் ஒரு விடை முளைத்துள்ளது. 2016 ஆகஸ்டு 15-ஆம் நாள் 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி 90.4 என்னும் அலைவரிசையில் தொடங்கிற்று. அதனை நிறுவிய ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ மீனவர். அங்குப் பணிபுரிந்து வருவோரிலும் பலர் மீனவக் குடும்பத்தினர். காற்று, அலையின் உயரம், மீன்வளத்தின் குறைவு, பருவமாற்றம் ஆகியவற்றைக் கரையின் மொழியிலேயே பேசுகின்றனர். எதனை முதலில் கூறுவது, எவரைப் பேசவிடுவது என்று நாடோறும் முடிவுசெய்பவர் பத்திராதிபர் தொழிலையே கற்கின்றார் என்போம்.

ஆயின் ஒரு தடையுண்டு. சமுதாய வானொலிகள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்புதல் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றமின்றி ஒலிபரப்பலாம் என்பது அரசு விதி. வானிலை அறிவிப்பு செய்தியுள் அடங்காதாம். (கடலோடிக்கு அதனினும் பெரிய செய்தி யாதோ, விதி வகுத்தோரே அறிவர்.) எனவே படகைப் புயல் தாக்குமென்று கூறும் உரிமை பெற்றோர், அப்படகு பிடிபட்டதை ஆராய்ந்து கூறும் உரிமை பெற்றிலர். யாம் இதனைத் தகாததென்றே கருதுகின்றோம்.

விதி மாறுங்காறும் காத்திருத்தல் வேண்டா. மதுரையில் அச்சாகும் நாளிதழ்கள், இராமநாதபுரப் பக்கத்தைத் தொகுக்க இவ்வானொலியிற் பழகியோருள் ஒருவரை ஓராண்டு அமர்த்திப் பார்க்கலாம். செய்தி அனுப்பும் நிருபராக அன்று, பக்கத்தை முடிவுசெய்பவராக.