முடக்குவாதமும் வயிறும்: எரிச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

முடக்குவாதத்துக்கு வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வயிறு எரிந்தால்தான் வயிற்றை நினைக்கிறார்கள். அது காலம் கடந்த நினைப்பு. இந்த மாத்திரைகளால் இரைப்பையில் ரத்தம் கசிந்தோ துளை விழுந்தோ மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் எந்த அறிகுறியும் இருக்கவில்லை என்பதை, அமெரிக்க முடக்குவாத நோயாளிகளைப் பல ஆண்டு கவனித்த ஆய்வு 1990களிலேயே காட்டியது. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையை அமிலம் அரிக்காமல் காக்கும் சளிப்படலத்தையும் பேணுகிறது. மாத்திரை இரண்டையும் சேர்த்தே தடுக்கிறது; புண்ணின் வலியையும் மறைத்துவிடலாம். எனவே வலியை நம்பாமல் ஆபத்தைக் கணக்கிட வேண்டும்.

முதல் வேலை, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பி, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துகளைப் படிப்பது. மூட்டுக்கு டைக்ளோஃபினாக், முதுகுவலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கிய அசிக்ளோஃபினாக் என இரண்டு இருந்தால், ஒரே வகை மருந்து இருமடங்காக உள்ளே போகிறது. கூடவே பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு, இதயத்துக்கான ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஏதாவது இருந்தால் ஆபத்து பல மடங்காகும். அடுத்து உங்கள் உடம்பின் கணக்கு. முன்பு அல்சரோ ரத்தக்கசிவோ வந்திருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணி. வயது 65ஐத் தாண்டியது, ஹெலிகோபாக்டர் கிருமி, புகை, மது எல்லாம் அதன்மேல் ஏறும்.

'சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன், ஊசிதானே போட்டுக்கொள்கிறேன்' என்பார்கள். சாப்பாடு எரிச்சலைக் குறைக்கலாம், ஆபத்தை நீக்காது. ஊசி மருந்தும் ரத்தத்தின் வழியே அதே புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கிறது. வயிற்றை உறுத்தாத புதிய மாத்திரைக்கு மாறினால் போதாதா? 2000இல் சுமார் 8,000 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த விகர் ஆய்வில், நாப்ராக்சனைவிட அத்தகைய புதிய மாத்திரையான ரோஃபிகாக்சிப் வயிற்றுச் சிக்கல்களைப் பாதியாகக் குறைத்தது உண்மை. மாரடைப்பு கூடியதும் அதே ஆய்வில்தான். 2004இல் அந்த மருந்து சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த, இன்று புழங்கும் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிபை இதய நோய் உள்ளவர்கள் தாமாக வாங்கக் கூடாது. அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் இரைப்பையை நன்றாகவே காக்கும், சிறுகுடலைக் காக்காது.

ஆகவே அந்த அட்டைகளோடு மருத்துவரிடம் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை நிறுத்தலாம், எதன் அளவைக் குறைக்கலாம், அமிலம் குறைக்கும் மாத்திரை எனக்குத் தேவையா? ஸ்டீராய்டையோ, இதயத்துக்கான ஆஸ்பிரினையோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையோ நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தால் நோயே கட்டுக்குள் வந்தால் வலி மாத்திரையின் தேவை குறையும். என் பார்வையில் வயிற்றுக்கு அதைவிட நல்ல காப்பு இல்லை.

மலம் தார்போலக் கருத்துப் பிசுபிசுத்தாலோ, வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தாலோ, திடீரெனத் தலைசுற்றி வியர்த்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும்தான். எதனால் என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டாதீர்கள்.