"இத்தனை பேருக்கு உதவினோம்" என்றால் என்ன அர்த்தம்?

இந்த மாத ஆய்வு வட்டத்துக்கு ஒரு பாடம் எழுதச் சொன்னார்கள். பொறியியல் படிக்கிற பையனிடம் கேட்டால் என்ன வரும்? கணக்குதான் வரும். ஆனா இது நம்ம சமூகக் கணக்கு.

நம் அமைப்புகளில் ஆண்டுக் கூட்டம் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பளபள அட்டையில் ஓர் அறிக்கை, பொன்னாடை போர்த்துகிற படங்கள், நடுவில் பெரிய எழுத்தில் "இவ்வாண்டு 500 பேருக்கு உதவினோம்". கைதட்டுவோம். அப்புறம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, வீடு. அந்த 500 என்ன எண் என்று யாரும் கேட்பதில்லை. கிள்ளானில் ஒரு தம்பியைச் சந்திக்கும் வரை நானும் கேட்டதில்லை.

வார இறுதியில் அங்கே ஒரு டியூஷன் வகுப்பில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் ஒரு மணி நேரம். ஐந்தாம் படிவத்தில் ஒரு தம்பி, கூடுதல் கணிதத்தில் என்னைவிட வேகம். "எஸ்பிஎம் முடிச்சிட்டு மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா?" என்று கேட்டேன். "எனக்கு நீல ஐசி இல்லண்ணே" என்றான். பேனா இல்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் பிடிபிடிஎன் கடனுக்கும் குடியுரிமை வேண்டும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு நீல ஐசி உண்டு. அம்மா தோட்டத்தில் பிறந்தவர். அவர் பிறப்பை யாரும் பதியவில்லை. இருவருக்கும் கோவிலில் முறைப்படி கல்யாணம் நடந்தது. ஐயர் மந்திரம் சொன்னார், லயமே கூடிச் சாப்பிட்டது. பதிவு மட்டும் செய்யவில்லை. இவன் பிறப்புப் பத்திரத்தில் "குடிமகன் அல்லர்" என்று இருக்கிறது.

அப்பா மலேசியர், பிள்ளை எப்படி மலேசியர் இல்லாமல் போகும்? இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் படிக்கணும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கான சட்டம் 164, 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி பதிவு செய்யாத திருமணத்தை அதிகாரிகள் திருமணமாக ஏற்பதில்லை. தாலி, அக்கினி, சாட்சி எல்லாம் நமக்கு உண்மை. பதிவேட்டுக்கு அது தெரியாது. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை பார்க்கும்போது, கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, தந்தையை விட்டுவிட்டுத் தாயைப் பார்க்கச் சொல்கிறது. தாய்க்குப் பத்திரம் இல்லை. முடிந்தது. பின்னாளில் பெற்றோர் திருமணத்தைப் பதிந்தாலும், பிறந்த அன்று நிலைமை என்ன என்றுதான் அதிகாரிகள் பார்க்கிறார்கள்.

இப்போது அறிக்கைக்கு வருவோம். சில வேலைகளை அளப்பது சுலபம். பிரிக்பீல்ட்ஸில் சாலைக்கே பெயராக இருக்கும் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதத் தவணையில் பங்கு கட்டினார்கள். இந்த வருஷம் எத்தனை தோட்டம் வாங்கினோம், எத்தனை ஏக்கர் என்று சொன்னால் போதும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். குடியுரிமை வேலை அப்படி இல்லை.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். மேலே விழுவது பத்திரமில்லாமல் புதிதாகப் பிறக்கும் பிள்ளைகள். கீழே வெளியேறுவது நீல ஐசி கையில் கிடைத்தவர்கள். தொட்டிக்குள் நிற்பவர்கள் காத்திருப்பவர்கள். பாரம் நிரப்பிக் கொடுத்தோம், முகாம் நடத்தினோம், ஆலோசனை சொன்னோம் என்பதெல்லாம் தொட்டிக்குள் தண்ணீரைக் கலக்குவது. தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மட்டம் இறங்கியதா என்பதற்கு அது பதில் ஆகாது.

ஒரு கற்பனைக் கணக்கு: 500 பேர் வந்தார்கள். 450 விண்ணப்பம் போனது. வருஷக் கடைசியில் 60 பேருக்குக் கிடைத்தது, 40 பேருக்கு நிராகரிப்பு, 350 பேர் காத்திருக்கிறார்கள். விண்ணப்பமே போடாத 50 பேர் என்ன ஆனார்கள்? எனக்கு அந்த 50தான் உறுத்துகிறது. பாட்டியின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தோட்ட ஆஸ்பத்திரியே இப்போது இருக்காது. சாட்சி சொல்ல வேண்டியவர் இறந்திருப்பார். இவர்கள் கதை எந்தப் பளபள அட்டையிலும் வருவதில்லை.

இன்னொரு சிக்கல், எண் ஏறினால் தோல்வி என்றும் சொல்ல முடியாது. டிரா மலேசியா என்னும் அமைப்பு, ஐ.நா. அகதிகள் ஆணையத்துடன் சேர்ந்து 2014 முதல் தீபகற்பத்தில் நாடற்றவர்களைக் கண்டறிந்து பதிந்து வருகிறது. சட்டப் படிகளைத் தெரிந்த உள்ளூர்த் தொண்டர்களைப் பழக்கி, வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்கள். இப்படிப் பதிவானவர்கள் 10,000க்கும் அதிகம். தேடத் தேட எண் கூடத்தான் செய்யும். அவர்கள் முன்பும் இருந்தார்கள், யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். 2011இல் மைடஃப்தார் என்று நாடு முழுக்க ஒரு வாரம் பதிவு இயக்கம் நடந்தபோதும் நம்மவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு வாரத்தில் பெயரை எழுதிக்கொள்ளலாம். கோப்பு நகர வருஷங்கள் ஆகும். அதனால் ஒரே ஆண்டின் அறிக்கையைத் தனியாகப் படிக்காதீங்க. மூன்று நான்கு ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே 500 பேர் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று தேடுங்க. கிடைக்கவில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்க. நல்ல அமைப்பு கோபப்படாது. "பத்துப் பேருக்குத்தான் கிடைச்சது, தம்பி" என்று ஒருவர் என்னிடம் தலை குனிந்து சொன்னார். அவர் அமைப்பின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

காலமும் நெருக்குகிறது. தம்பியைப் போன்றவர்கள் விண்ணப்பிப்பது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ். திருத்தத்துக்கு முன் அதற்கு வயது வரம்பு 21. மக்களவை 2024 அக்டோபர் 17 அன்று நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆக்குகிறது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு அதே திருத்தம் நல்லது செய்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் சிவப்பு ஐசி பெற்றோரின் பிள்ளைக்கு இங்கே பிறந்ததால் தானாக வந்த குடியுரிமையையும் அது எடுத்துவிடுகிறது. நம் தோட்டக் குடும்பங்களில் சிவப்பு ஐசி தாத்தா பாட்டி, பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இந்தத் தம்பிக்கு வயது 17.

கீழ்க்குழாய் நம் கையில் இல்லை. அது அமைச்சின் கையில். மேல்குழாயில் பாதியாவது நம் கையில் இருக்கிறது, அதான் இந்தப் பாடத்தையே எழுதுகிறேன். சட்டம் 164, கோவில்களிலேயே திருமணத்தைப் பதிய உதவிப் பதிவாளர்களை நியமிக்க இடம் தருகிறது. 21 நாள் அறிவிப்பு, இருவரின் பத்திரங்கள், கையெழுத்து. மேளக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க அலைகிற அலைச்சலில் கால்வாசிகூட இல்லை. பிள்ளை பிறந்தால் தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் வைக்க ஜோசியரிடம் நாள் தள்ளிக்கொண்டே போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வட்டத்துக்கு வரும்போது ரெண்டு விஷயம் கேட்டு எழுதிட்டு வாங்க. உங்கள் ஊர்க் கோவிலில் உதவிப் பதிவாளர் இருக்கிறாரா? போன வருஷம் அங்கே நடந்த கல்யாணங்களில் எத்தனை பதிவானது? என் வீட்டுப் பக்கத்துக் கோவிலில் நான் கேட்டேன். முதல் கேள்விக்கு "இருக்காருப்பா" என்று உடனே பதில் வந்தது. ரெண்டாவது கேள்விக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தம்பியின் விண்ணப்பம் போன மாதம் போனது. பாரத்தில் அம்மா பெயருக்கான கட்டத்தை நிரப்ப மட்டும் எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது.