ஓர் அங்குலத்துக்கு ஆறடி

கேள்வி: மாடல் விமான கிட் பெட்டிகளில் 1/72 என்று போட்டிருக்கிறார்கள். 50, 100 என்று முழு எண்ணாக வைக்காமல் அது ஏன் 72? டாங்கிக்கு மட்டும் 1/35 எப்படி வந்தது?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: மீட்டர் கணக்கில்தான் 72 முரண்டு பிடிக்கும். அடி, அங்குலக் கணக்கில் அது முழு எண். ஆறடிக்கு 72 அங்குலம். ஆகவே 1/72 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஆறடி. ஆறடி ஆள் ஓர் அங்குலமாகிவிடுவார். இறக்கை நுனிக்கு நுனி 36 அடி 10 அங்குலம் உள்ள ஸ்பிட்ஃபயர், ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கி ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

இந்த அளவை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ். அவர் வடிவமைத்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ கிட்கள் 1932-இல் வந்தன. பெரும்பாலும் மரம். சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பொழுதுபோக்காக இருந்த அளவைப் போர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரியுடையதா என்று நொடியில் சொல்லத் தெரியாத பீரங்கி வீரர் சொந்த ஆளையே சுட்டு வீழ்த்திவிடுவார். அதனால் 1942-இல் அமெரிக்கக் கடற்படை, 1/72 அளவில் 5,00,000 மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டது. மாணவர்கள் மரத்தில் செதுக்கிக் கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். தூரத்து வானத்தில் நிறம் தெரியாது, உருவரை மட்டுமே தெரியும் என்பதால்தான் கறுப்பு. இந்த மாதிரியை 35 அடி தள்ளிப் பிடித்தால், ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பறக்கும் நிஜ விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். 35-ஐ 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,520 அடி வரும். ஒரு கூடத்துக்குள்ளேயே அரை மைல் வானத்தைக் காட்டிப் பயிற்சி கொடுக்க முடிந்தது. அளவு என்பது தூரத்தின் இன்னொரு பெயர் என்று எனக்குப் புரியவைத்த செய்தி இது.

டாங்கியின் கதை வேறு. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மாடலாக்கியபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடவிட நினைத்தது. பேட்டரி அடங்குகிற அளவுக்கு உடலைச் செய்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் 1/35 வந்தது. பேட்டரி கொடுத்த அந்த எண்தான் இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்களில் மிகப் பரவலான அளவு.

கேள்வி: முதல் பிளாஸ்டிக் விமான கிட் எது?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 1936-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘பெங்குவின்’ வரிசை. வெளியிட்டவர்கள் ‘ஃப்ராக்’ என்ற பெயரில் நிஜமாகவே பறக்கும் பொம்மை விமானங்களை விற்றுவந்தார்கள். புதிய கிட்கள் பறக்காதவை, மேசையில் வைத்து அழகு பார்ப்பதற்கு மட்டுமே. அதனால்தான் பறக்காத பறவையின் பெயரை வைத்தார்கள். அவற்றின் அளவும் 1/72தான். ஆனால் செல்லுலோஸ் அசிட்டேட்டில் செய்ததால், காலப்போக்கில் முறுக்கிக்கொண்டன. போருக்குப் பின் பாலிஸ்டைரீன் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. அதற்கான பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஒழுங்காக ஒட்டிய மாடலில் இணைப்புக் கோடு மறைவது அதனால்தான்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் மாதக்கணக்கில் உழைத்து ஒரு போர் விமானம் கட்டினான். நேரில் அசலாக இருக்கிறது, படமெடுத்தால் பொம்மையாகத் தெரிகிறது. ஏன்?
- வாசகி, கோவை

பதில்: கேமரா மிக அருகில் போகும்போது தெளிவு ஒரு மெல்லிய பட்டைக்குள் சுருங்கிவிடும். மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழுந்தால், “இது சின்னப் பொருள்” என்று கண் முடிவு கட்டிவிடும். இதே தந்திரத்தைத் திருப்பிப் போட்டு நிஜ ஊரையும் பொம்மையாக்கலாம். மாடியிலிருந்து எடுத்த தெருவின் படத்தில் நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டால், பேருந்தும் கட்டடமும் கொலுப் பொம்மைகளாகிவிடும். லென்ஸைச் சாய்த்து இதைச் செய்வார்கள். அந்தச் சாய்வு விதிக்கு ஆஸ்திரியாவின் தியோடர் ஷைம்ப்ஃபுளூக் பெயர்தான் வழங்குகிறது. 1904-இல் காப்புரிமை பெற்ற அவர் தேடியது பொம்மை அழகை அல்ல. வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலை நிமிர்த்தும் வழியைத்தான் அவர் தேடினார்.

உங்கள் பையனுக்கு நான்கு யோசனைகள் சொல்கிறேன். லென்ஸின் துவாரத்தை எஃப்/16 போலச் சிறிதாக்கி, டிரைபாடில் நிறுத்தி, சற்றுப் பின்வாங்கி எடுக்கட்டும். மூக்கு முதல் வால் வரை தெளிவு வரும். ஒளி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இரண்டு விளக்கு இரண்டு நிழல் போடும், நிஜ ஓடுதளத்தில் சூரியன் ஒன்றுதான். அடுத்த மாடலுக்கு வண்ணம் பூசும்போது துளி வெள்ளை கலந்து, பளபளப்பைக் குறைக்கட்டும். தூரம் நிறத்தை வெளிறச் செய்யும் என்பதால், நிஜ விமானத்தின் நிறத்தை அப்படியே பூசினால் சின்ன மாடலில் அடர்த்தியாகத் தெரியும்.

நான்காவதுதான் முக்கியம். ஐந்தரை அடி மனிதரை 1/72-க்குச் சுருக்கினால் உயரம் 2.3 சென்டிமீட்டர். விமானத்தின் பக்கத்தில் நிற்கும் ஆளின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். நாம் நின்றபடி மேலிருந்து எடுத்தால், அது பல மாடி உயரத்திலிருந்து பார்த்த காட்சியாகிவிடும். லென்ஸ் தரையோடு தரையாக இறங்க வேண்டும். நாளைக் காலை வெயிலில் மொட்டை மாடியில் உங்கள் மகன் குப்புறப் படுத்துக் கிடந்தால், சட்டை அழுக்காகிறதே என்று எழுப்பிவிடாதீர்கள். ஓர் அங்குலம்கூட இல்லாத ஒரு மனிதன் நிற்கும் இடத்துக்கு அவன் தன் கண்ணைக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறான்.