மூன்று இருக்கைகள் இருந்த இடத்தில்

1964ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பசு நகரிலிருந்து ஒரு சிறு விமானம் கிளம்பிற்று. செசுனா 180 என்னும் வகையினது. ஒற்றை இயந்திரம் உடையது. 1953இல் கட்டப்பட்டுப் பதினோராண்டு பறந்து பழகியது. ஓட்டியவர் செரி மாக், மூன்று பிள்ளைகளின் தாய், வயது 38. ஏப்ரல் 17ஆம் நாள் அதே நகரில் வந்து இறங்கியபோது, தனித்து உலகைச் சுற்றிப் பறந்த முதற்பெண் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. அவர் கடந்தது ஏறத்தாழ 37,000 கி.மீ. கராச்சி, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களும் அவர் வழியில் இருந்தன.

அப்பெண்மணியின் துணிவைப் புகழ்வோர் பலர். அவ்விமானத்தில் செய்யப்பெற்ற மாற்றங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நாம் இங்குக் காண்பது அதனைத்தான்.

இவ்வகை விமானத்தின் இறக்கைத் தொட்டிகள் ஏறத்தாழ 227 லிட்டர் எரிபொருள் கொள்ளும். சிக்கனமாக மணிக்கு 40 லிட்டர் எரித்தாலும் ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒனலூலுவிலிருந்து கலிபோர்னியாவின் ஓக்லாந்து வரையிலோ ஏறத்தாழ 3,860 கி.மீ. கடல், இடையில் இறங்க ஒரு திட்டும் இல்லை. மணிக்கு 225 கி.மீ. விரைவில் பறப்பதாகக் கொண்டால் பதினேழு மணி நேரம் ஆகும். ஏறத்தாழ 680 லிட்டர் வேண்டும். எனவே நான்கு இருக்கைகளில் மூன்றைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பெருந்தொட்டிகளைப் பொருத்தினர்.

தொட்டியை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. செசுனாவின் இறக்கை, ஓட்டியின் தலைக்கு மேலே உள்ளது. ஆதலின் இறக்கைத் தொட்டியின் எரிபொருள் தன் எடையாலேயே இயந்திரத்துக்கு இறங்கிவரும். தரையில் வைத்த தொட்டியினின்று அதனைப் பம்பு கொண்டு ஏற்ற வேண்டும். ஆவி அறைக்குள் தங்காமல் வெளியேறக் குழாயும் வேண்டும். எடையின் கணக்கு இதனினும் கடுமையானது. அவ்வளவு எரிபொருள் ஏறத்தாழ 490 கிலோ. வெறும் விமானமோ 690 கிலோ அளவினது. இரண்டையும் கூட்டிய அளவிலேயே, தொழிற்சாலை விதித்த 1,157 கிலோ என்னும் எல்லை கடந்துவிடுகிறது. ஓட்டியின் எடையை நாம் இன்னும் சேர்க்கவில்லை. பின்புறத்தில் எடை மிகுந்தால் விமானத்தின் சமநிலையும் குலையும்.

இனி ஆன்டெனா. 'அலைவாங்கி' என்று நாம் எழுதி வருகிறோம். அது வாங்குவதோடு வழங்கவும் செய்வதால் அச்சொல் பாதிப் பொருளையே தருகிறது என்பது என் கருத்து. விமான நிலையங்களோடு பேசும் வானொலிக்கு அரை மீட்டருக்குச் சற்று நீண்ட கம்பி போதும். ஆயின் அவ்வலை நேர்கோட்டில் செல்வது. 3,000 மீட்டர் உயரத்தில் பறந்தாலும் ஏறத்தாழ 225 கி.மீ.க்கு அப்பால் பூமியின் வளைவு அதனை மறைத்துவிடும். நடுக்கடலுக்கு அது பயன்படாது. நெடுந்தொலைவு செல்லும் வானொலியின் அலை மிக நீளமானது. அதற்குப் பதினைந்து மீட்டர் அளவில் கம்பி வேண்டுமென்றால், விமானத்தின் நீளமோ எட்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே கம்பியை வாலுக்குப் பின்னே காற்றில் மிதக்கவிட்டு, இறங்குமுன் சுருட்டிக்கொள்ள வேண்டும். அதனைச் சுற்றும் வேலை ஒரு சிறு மின்மோட்டாருடையது.

1937இல் அமேலியா இயர்காட்டு உலகைச் சுற்றப் புறப்பட்டபோது எரிபொருளுக்குக் குறைவில்லாத விமானத்தைத்தான் கொண்டிருந்தார். நீண்ட தொங்குகம்பியை மட்டும் மயாமியில் நீக்கிவிட்டார். பசிபிக்கில் அவர் மறைந்தமைக்கு அதுவே காரணம் என்று அறுதியிட முடியாது. எனினும் வழிகாட்ட நின்ற கப்பலோடு அவரால் இருவழியும் பேச இயலாமற் போனது வரலாறு. தொலைவைத் தருவது தொட்டி. அத்தொலைவில் குரலைத் தருவது கம்பி.

மாக் அக்கம்பியை வைத்திருந்தார். ஆயினும் முதல்நாள் பெர்முடாத் தீவுக்குப் பறக்கையிலேயே நெடுந்தொலைவு வானொலி ஊமையாயிற்று. ஒரு கம்பி இணைக்கப்படாமலே கிடந்தது பின்னர்த் தெரிந்தது. பெரிய இடர் லிபியப் பாலைவனத்தின் மேல் வந்தது. கெய்ரோவை நோக்கிச் செல்கையில் கருகும் நாற்றம் எழுந்தது. ஆன்டெனாவைச் சுருட்டும் மோட்டாரின் விசை நிறுத்தப்படாமல் இருந்தமையால் அது சூடேறிக் கனன்றுகொண்டிருந்தது. அருகிலேயே எரிபொருள் தொட்டி! தொலைவுக்கென ஏற்றியதும் குரலுக்கென ஏற்றியதும் ஒரே சிற்றறைக்குள் ஒன்றுக்கொன்று பகையாய் நின்ற கணம் அது. விசையை அணைத்துவிட்டு, அது குளிரும்வரை அவர் பறந்துகொண்டே இருந்தார்.

பின்னர்ச் சவூதி அரேபியாவின் தகுரானில் இறங்கியபோது கூட்டம் திரண்டது. இவ்விமானத்தை ஓட்டிவந்த ஆண் எங்கே என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எவரும் இல்லை என்று அவர் கூறியதும் கூட்டத்தில் ஆரவாரம் எழுந்தது. ஆள் அமர வேண்டிய இடங்களில் எல்லாம் தொட்டிகளே அமர்ந்திருந்தன.