வலையாய் விரியும் வானூர்தித் திரள்

நுழையும்முன்

ஆளில்லா வானூர்திகள் தமக்குள் செய்தி பகிரும் முறையையும் மின்னணு இடையூறுகளைத் தாங்கும் திறனையும் இப்பாடம் விளக்குகிறது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிப் பகுதியில் பெருமழை கொட்டியது. திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுத் தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். பல ஊர்களில் கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. கோபுரத்தை நம்பிய தொடர்பு, கோபுரம் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது. நடுவம் இன்றியே செய்தி பகிரும் அமைப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, வானூர்தித் திரள்.

திரளின் மொழி

மீன்வலையில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏனைய கண்ணிகள் பிடிப்பை விடுவதில்லை. திரளும் அத்தகையதே. ஒவ்வொரு வானூர்தியும் தன் இருப்பிடம், விரைவு, திசை ஆகியவற்றை வானொலி அலைகளால் அண்டையிலுள்ளவற்றுக்கு இடைவிடாது அறிவிக்கிறது. தொலைவுக்குரிய செய்தி இடையிலுள்ளவற்றின் வழியே கைமாறிச் செல்கிறது. ஒன்று வீழ்ந்தால் வேறு வழியை நாடுகிறது. மோதாது விலகுதல், அண்டையவற்றின் திசையில் செல்லுதல், கூட்டத்தைப் பிரியாதிருத்தல் என்னும் மூன்று விதிகளால் பறவைக் கூட்டத்தின் அசைவைக் கணினியில் உருவாக்கலாம் என 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் காட்டினார். திரள் ஆய்வுக்கு அவ்விதிகள் அடித்தளமாயின. 2021 ஜனவரி 15 அன்று தில்லியில் நடைபெற்ற இராணுவ நாள் அணிவகுப்பில் 75 வானூர்திகள் திரளாய்ப் பறந்தன.

இடையூறும் எதிர்ப்பும்

செய்தி செல்லும் அதே அதிர்வெண்ணில் வலிய இரைச்சலை எழுப்பினால், சூரசம்ஹாரப் பெருவிழாக் கூட்டத்தில் தாயின் அழைப்பு குழந்தைக்குக் கேளாததுபோல், செய்தி அமுங்கிவிடும். இதனை வெல்ல, அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் முன்னரே வகுத்த மறைவான வரிசைப்படி அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இம்முறையின் ஒரு வடிவத்துக்கு ஹெடி லமார் என்னும் நடிகையும் ஜார்ஜ் ஆந்தைல் என்னும் இசையமைப்பாளரும் 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர்.

இடங்காட்டும் செயற்கைக்கோளின் குறிப்பலை, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வருவதால் மெலிந்திருக்கும். அதனை முடக்குவது எளிது. அப்போது வானூர்தி, தன் அசைவை அளக்கும் உணரிகளையும் நிலத்தை நோக்கும் ஒளிப்படக் கருவியையும் துணைக்கொள்கிறது. கட்டளை நின்றாலும் ஏற்ற பணியைத் தானே தொடருமாறு அதனை அமைக்க இயலும்.

போருக்கென வளர்ந்த இத்திறன், கோபுரங்கள் ஓய்ந்த வெள்ளநாளில் ஊர்களை இணைக்கவும் உதவக்கூடும். மின்கலம் நெடுநேரம் தாங்காமையே இன்றுள்ள பெருந்தடை. அதனைக் கடத்தல் வருங்கால அறிவியலாளர்க்குரிய பணியாகும்.